விழுந்து கும்பிட்ட பனியன்

நிச்சயதார்த்தத்துக்கு வருகிற மாப்பிள்ளை நல்ல சட்டை போட்டிருக்கிறானா என்றுதான் பெண் வீட்டார் பார்ப்பார்கள். உள்ளே என்ன பனியன் போட்டிருக்கிறான் என்று எவரும் கவலைப்படுவதில்லை. என் நிச்சயதார்த்தத்தில் மட்டும் பெண் வீட்டார் சுற்றி நின்று பனியனைப் பார்த்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள். வருங்கால மாமனார் முகர்ந்தும் பார்த்தார். அவருக்குத் தி.நகரில் துணிக்கடை. துணிக்கடைக்காரர் வீட்டில் பெண் எடுப்பவர்கள் உள்ளாடை விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது நான் அனுபவத்தில் கண்ட உண்மை.

அப்போது அடையாறில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. கீழே பல் பிடுங்குகிற சத்தம் கேட்கும். மேலே நாங்கள் துணிக்குள் மின்சுற்றைத் தைத்துக்கொண்டிருப்போம். தனியாக இருக்கும் வயசானவர்களுக்கான பனியன் அது. போட்டுக்கொண்டிருப்பவர் தவறி விழுந்தால் பனியனே தெரிந்துகொண்டு, பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பும், போன் போடும். நாடித்துடிப்பையும் சேர்த்துச் சொல்லும். கேட்பதற்கு எளிது. செய்துபார்த்தால் நாக்குத் தள்ளிவிடும்.

துணி என்றால் வளையும், இழுபடும், கசங்கும், முறுக்கிப் பிழியப்படும். மின்சாரச் சாமானுக்கு இதில் ஒன்றுகூடப் பிடிக்காது. எங்கள் முதல் பனியன் ஒரே துவைப்பில் காலமானது. இரண்டாவது துவைப்பைத் தாங்கிக்கொண்டது, சென்னை வியர்வையைத் தாங்கவில்லை. வெள்ளி பூசிய நூலெல்லாம் கறுத்துப்போய்ப் பழைய கொலுசு மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது சகலத்தையும் தாங்கியது. போட்டவரால்தான் கையைத் தூக்க முடியவில்லை. (என் கூட்டாளி கபிலன் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி, மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல், ஒரு அம்மாளின் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டே மந்தைவெளி வரை போனான். முருங்கைக்காய் ஒன்று முறிந்துவிட்டது. காசு கொடுத்தான்.) கடைசியில் நூலை நேராகத் தைக்காமல் நெளி நெளியாகத் தைத்தோம், சிப்பை ரப்பர் மெத்தைக்குள் புதைத்தோம். நாலாவது பனியன் உருப்பட்டது.

அதில் ஒரு ஏற்பாடும் இருந்தது. விழுந்ததும் பனியன் இடுப்பருகே கொஞ்சம் அதிரும். 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்றால் இடது மார்பில் தைத்திருக்கும் துணிப்பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் விஷயம் அதோடு முடிந்தது. கொஞ்ச நேரத்துக்குள் பிடிக்காவிட்டால் செய்தி பறக்கும். சும்மா தொட்டால் போதாது, நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். (துவைக்கும்போது தெரியாமல் அழுந்திவிடக் கூடாது என்று இதை யோசித்த மூளை என்னுடையது.)

விழுவது எப்படியிருக்கும் என்று பனியனுக்குப் பயிற்சி கொடுக்க நாங்களே விழுந்தோம். நாற்காலியிலிருந்து சரிந்தோம், ஈரத்தரையில் வழுக்கினோம், மாடிப்படியில் இடறினோம். மனிதன் விழக்கூடிய எல்லா வகையும் எங்களுக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வகை மட்டும் யார் மண்டையிலும் உதிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் ஒரே வயசுக்காரர்கள். யாரும் யார் காலிலும் விழுகிற வழக்கம் கிடையாது.

இன்னும் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அறைக்கு வெளியே, கூட்டத்தில், வியர்வையில், படபடப்பில் யாராவது ஒரு நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"அப்படி ஒரு நாள் யாருக்கு மச்சி வரும்?" என்றான் கபிலன்.

"எனக்கு வருது. ஞாயித்துக்கிழமை" என்றேன்.

இதில் விஞ்ஞானம் கொஞ்சம், காதல் மீதி. கோமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நான் ஒரு மாதிரியாகத்தான் திரிந்துகொண்டிருந்தேன். ஆழ்வார்பேட்டையில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. எதைச் சொன்னாலும் "அதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்கும் பெண். அவள் மேடையேறும்போது என் நெஞ்சு எப்படித் துடித்தது என்பதைப் படமாக எடுத்து அவளிடம் நீட்டினால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். அதைவிடப் பெரிய ஆதாரம் உண்டா? அந்த ஜோரில், விழுந்தால் யாருக்குச் செய்தி போக வேண்டும் என்ற இடத்தில் கபிலன் எண்ணுக்குக் கீழே கோமதியின் எண்ணையும் சேர்த்தேன். இனிமேல் நான் விழுந்தால் தாங்குகிறவள் அவள்தானே. (அன்றைக்கு இருந்த எனக்கு இன்றைக்கு நான் ஒரு அறை கொடுக்கலாம்.)

நிச்சயதார்த்த மண்டபமும் தி.நகர்தான். கோமதியின் சொந்தக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். எங்கள் குடும்பமும் பூர்வீகத்தில் அந்தப் பக்கம்தான் என்றாலும், மயிலாப்பூரிலேயே இருந்து இருந்து எல்லாம் தேய்ந்துபோய், பெரியவர்களைப் பார்த்தால் லேசாகக் குனிந்து கும்பிடு போடுவதோடு நிறுத்திக்கொள்வோம். அவர்கள் வழக்கம் வேறு. மாப்பிள்ளை பெண் வீட்டில் கொடுத்த புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, அங்குள்ள பெரியவர்கள் ஒவ்வொருவர் காலிலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு, திருநீறு வாங்க வேண்டும். அதற்கப்புறம்தான் தட்டு மாற்றுவார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளறையில் சட்டை மாற்றும்போதாவது பனியனைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. கோமதி இன்னும் மேடையேறவில்லையே.

முதலில் விழுந்தது ஒரு தாத்தா காலில். கைகளைத் தலைக்கு மேலே கூப்பி, மூக்கு ஜமுக்காளத்தில் பட, ஒழுங்காக விழுந்தேன். அந்த ஊர்ப் பெரியவர்கள் ஆசீர்வாதத்தைச் சுருக்கமாக முடிப்பதில்லை. குலதெய்வத்தில் ஆரம்பித்து, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போய்த்தான் திரும்புவார்கள். அதுவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. நான் அசையாமல் கிடந்தேன். இடுப்பில் பனியன் அதிர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தாத்தா திருநீறு பூசிவிட்டதும் எழுந்தேன், எழுந்த வேகத்தில் இடது மார்பை அழுத்திப் பிடித்தேன். அடுத்தவர் காலில் விழுந்தேன், எழுந்தேன், மார்பைப் பிடித்தேன். அதற்கடுத்தவர். விழு, எழு, நெஞ்சைப் பிடி. பொத்தான் அழுந்த வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டதால் முகமும் கோணியது. பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் நினைக்கவேயில்லை.

கோமதியின் போன் அன்றைக்கு அவளுடைய அத்தையிடம் இருந்தது. பட்டுப்புடவையில் போன் வைக்க இடம் ஏது? மாமனாரின் தங்கை, சண்முகவடிவு அத்தை. (முறைப்படி எனக்கு அவர் அத்தை ஆகாது என்று அம்மா இன்றும் திருத்துவாள். கோமதி கூப்பிடுகிறாள், நானும் கூப்பிடுகிறேன்.) போன் அடித்ததும் அத்தை எடுத்தார். எடுத்தவர் எதையோ தொட்டுவிட, ஒலிபெருக்கி மாதிரி உரக்கப் பேசியது.

"பதற வேண்டாம். உங்கள் உறவினர் விழுந்துவிட்டார். அசைவில்லை. நாடித்துடிப்பு அதிகம்."

முன்பே பதிவு செய்து வைத்திருந்த, எங்கள் அலுவலகத்து வசந்தியின் குரல். நிதானமாக, தெளிவாக, ஒரு வார்த்தை விடாமல் பேசியிருந்தாள். அத்தை போனைப் பார்த்தார், கீழே கிடந்த என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன், நெஞ்சைப் பிடித்தேன். அடுத்தவர் காலில் விழுந்தேன். போன் மறுபடியும் அடித்தது. அத்தை எழுந்துபோய் அண்ணன் காதில் சொன்னார். காதில் சொன்னார் என்று பேர், மண்டபத்துக்கே கேட்டது.

"அண்ணே, மாப்ள விழும்போதெல்லாம் போன் அடிக்கு. நெஞ்ச வேற பிடிக்காவ. இவங்களுக்கு அடிக்கடி இப்படி விழுத நோக்காடு இருக்கும் போல. இல்லன்னா எதுக்கு போனுல ஏற்பாடு பண்ணி வச்சிருக்காவ?"

தர்க்கத்தில் எனக்கே ஒரு ஓட்டை தெரியவில்லை. மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "மாப்ள, உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் "அது பனியன் மாமா" என்றேன். மனிதனுக்கு வாழ்க்கையில் எவ்வளவோ பதில்கள் அமைகின்றன. எனக்கு அமைந்தது அது.

விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. கபிலனின் கைங்கரியம். அடையாறில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு நான் விழுவதும், எழுவதும், நாடி எகிறுவதும், மறுபடி விழுவதும் தெரிந்திருக்கிறது. எனக்கு போன் போட்டிருக்கிறான். என் போன் அம்மாவின் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. அவன் செய்தது நல்ல சிநேகிதன் செய்கிற காரியம், மறுக்கவில்லை. மூன்று நாள் அவனோடு பேசவில்லை, அதையும் மறுக்கவில்லை.

இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் சந்தனக் கிண்ணத்தைத் தாண்டி நின்று, "பேஷண்ட்டு யாருப்பா? ஒர்த்தர் வுழுந்து வுழுந்து எய்ந்துக்கினு கீறாருன்னு போன் வந்துச்சு" என்றார்.

எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள்.

"மாப்ளையா? இன்னா சார், மாலையோட நிக்கிற. வா, வந்து ஒக்காரு."

உள்ளறையில் உட்காரவைத்து, ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். மார்பின் குறுக்கே நெளிந்து ஓடும் வெள்ளிக்கோடுகளும், நடுவில் மினுக் மினுக்கென்று பச்சை விளக்கும் வெளியே தெரிந்தன. நான் பனியனையும் கழற்றப் போனேன். அத்தை வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத கழத்தாதிய மாப்ள. கழத்துனா நின்னு கின்னு போயிருமோ என்னமோ."

அதாவது என் உயிரே அந்தப் பனியனில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். ஆம்புலன்ஸ்காரர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "பிரஷர் ஏறிக் கீது சார்" என்றார். ஏறாமல் என்ன செய்யும்? அந்த நேரம் பார்த்து அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என் பையனுக்கு ஒரு வியாதி கிடையாது. தலைவலின்னு ஒரு நாள் படுத்ததில்ல" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. கொஞ்சம் யோசித்து, "அஞ்சாங்கிளாஸ்ல ஒரு தடவ ஸ்கூல் பிரேயர்ல மயங்கி விழுந்தான். அவ்ளோதான்" என்று சேர்த்தாள்.

மாமா கையில் தயாராக வைத்திருந்த தாம்பூலத் தட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். வெளியே யாரோ, நல்ல நேரம் முடியப்போகிறது என்று நினைவுபடுத்தினார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பனியனாவது கம்பெனியாவது, எல்லாம் எக்கேடோ கெட்டுப் போகட்டும், கோமதி எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்கிற ஒரே பயம்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் ஒரு நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது கோமதி உள்ளே வந்தாள். மேடையேறக் காத்திருந்தவள், தலை நிறையப் பூவோடு அப்படியே வந்து என் எதிரில் நின்றாள்.

"இது என்ன?"

சொன்னேன். வெள்ளி நூல், விழுகிற பெரியவர்கள், துணிப்பொத்தான், எல்லாவற்றையும். காலில் விழுவதைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவளுக்காக என் நெஞ்சுத்துடிப்பைப் படம்பிடிக்கும் திட்டத்தை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"ஆதாரம் இருக்கா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"கழட்டுங்க."

அத்தை தடுக்க வந்தார். "நான் பாத்துக்கிடுதேன் அத்தை" என்றாள். நான் கழற்றினேன். (நின்று கின்று போகவில்லை.) கோமதி அதை வாங்கி, பட்டுப்புடவைக்கு மேலேயே தலைவழியாக மாட்டிக்கொண்டாள். பூவில் பாதி அதோடு வந்துவிட்டது. பிறகு அத்தை காலில் தடாலென்று விழுந்து, அசையாமல் கிடந்தாள். அத்தை பழக்க தோஷத்தில் ஆசீர்வாதத்தை ஆரம்பித்துவிட்டார். பாதியில் அவர் கையிலிருந்த போன் அடித்தது.

"பதற வேண்டாம். உங்கள் உறவினர் விழுந்துவிட்டார். அசைவில்லை. நாடித்துடிப்பு இல்லை."

பனியன் உடம்போடு ஒட்டியிருந்தால்தான் நாடி தெரியும். பட்டுப்புடவைக்கும் ஜரிகைக்கும் மேலே எங்கே தெரியும்? அத்தை போனைப் பார்த்தார், காலடியில் கிடந்த மருமகளைப் பார்த்தார். கோமதி தலையை மட்டும் தூக்கி, "நான் செத்துட்டேனாம் அத்தை" என்றாள்.

முதலில் சிரித்தது ஆம்புலன்ஸ்காரர். அப்புறம் மாமா சிரித்தார், அவர் சிரித்ததும் கதவோரம் நெருக்கியடித்து நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். "கல்லு மாதிரி இருக்க புள்ளைக்கே துடிப்பு இல்லங்கு. இந்த மிஷினு பேச்ச கேட்டா மாப்ளைய சந்தேகப்பட்டோம்?" என்றார் மாமா. எனக்கு உயிர் வந்தது. கூடவே, நாலு பனியன்களுக்கு நான் கொடுத்த வருஷங்கள் அந்த அறையில் ஒரு காசு பெறாமல் போயின. நான் நோயில்லாதவன் என்று நிரூபிக்க என் பனியன் உதவாக்கரை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அதைப் பற்றிக் கவலைப்படத் தோன்றவில்லை.

கோமதி பனியனைக் கழற்றியதும் மாமா அதை வாங்கி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், இழுத்தார், முகர்ந்தார். "துணி நல்லாத்தான் இருக்கு. வெள்ளாவி தாங்குமா?" என்று கேட்டார். தாங்கும் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அந்த நாடித்துடிப்புப் படத்தைப் பின்னால் கோமதியிடம் காட்டத்தான் வேண்டியிருந்தது. எப்படியோ கபிலன் உளறிவிட்டான். மணப்பெண் அறையிலிருந்து அவள் முதல் தடவை எட்டிப் பார்த்த நேரத்தில் கோடு சாதுவாகப் போகிறது. ஆம்புலன்ஸ் வந்த நேரத்தில் கோபுரம் மாதிரி ஏறி நிற்கிறது. "அப்போ நீங்க யாரக் கட்டியிருக்கணும்?" என்று அவள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கல்யாணத்தன்று அத்தை ஒரு சட்டம் போட்டார்: "மாப்ள யாரு கால்லயும் விழ வேண்டாம். நின்ன மேனிக்கே திருநீறு பூசிக்கிடட்டும்." அது இன்னும் அமலில் இருக்கிறது. தீபாவளிக்கு மாமனார் வீட்டில் எல்லாரும் வரிசையாக விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள். நான் மட்டும் லாந்தர்க் கம்பம் மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

பனியனையும் நாங்கள் விட்டுவிடவில்லை. கும்பிடுவதற்கும் விழுவதற்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் விழுந்து காட்ட வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா குடும்பத்தோடு அடையாறு மாடிக்கு வந்து இறங்கினார். யாருக்கும் வெறும் சுவரைப் பார்த்து விழ மனசு வரவில்லை என்பதால் ஒரு முருகன் காலண்டரை மாட்டினோம். எல்லாரையும்விட அதிகமாக விழுந்தது அத்தைதான். ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து, "இப்ப என்ன சொல்லுது?" என்று கபிலனின் தோளுக்கு மேலே திரையை எட்டிப் பார்ப்பார். எப்படி விழுந்தால் கும்பிடு, எப்படி விழுந்தால் விபத்து என்று எங்களுக்கு முன்பே அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இப்போது பனியன் விற்பனைக்கு வந்துவிட்டது, பரவாயில்லாமல் போகிறது.

அத்தை கொட்டிவாக்கத்தில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். அவருக்கும் ஒரு பனியன் கொடுத்திருக்கிறோம். போன மாதம் ஒரு சாயங்காலம் வசந்தியின் குரல் எங்கள் வீட்டில் ஒலித்தது. விழுந்துவிட்டாராம், அசைவில்லையாம். நானும் கோமதியும் போட்டது போட்டபடி கிளம்பி, ஈ.சி.ஆர். சிக்னலில் எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினோம். அத்தை சமையலறையில் தோசைக்கல்லைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க. ரெண்டு மாசம் ஆச்சு உங்க மொகத்தப் பாத்து. போன் போட்டா 'வேல, வேல'ங்கிய" என்றார்.

"அப்போ நீங்க விழலையா அத்தை?" என்றாள் கோமதி, மூச்சு வாங்க.

"மெத்தைல விழுந்தேன். எப்படி விழுந்தா போன் வரும்னு எனக்குத் தெரியாதாக்கும். நான்தான உங்க ஆபீஸுக்கு விழச் சொல்லிக்குடுத்தேன்."

செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். ஆளுக்கு நாலு தோசை சாப்பிட்டுவிட்டு வந்தோம். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து குடும்பத்தில் யாருக்கு எங்களைப் பார்க்க வேண்டும் போலிருந்தாலும், "வர்றீங்களா, இல்ல மெத்தைல விழட்டுமா?" என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் மயிலாப்பூரிலிருந்து அம்மா போன் செய்தாள். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, "எனக்கும் அந்தப் பனியன் ஒண்ணு குடுத்து அனுப்புடா" என்றாள். பனியனை அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நாங்கள் போய்விட்டோம்.